வளர்ப்பு நாய் ஏன் கடிக்கிறது: உறுமலுக்கு முன்னால் நடப்பவை

"நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று பாய்ந்துவிட்டது." வளர்ப்பு நாய் வீட்டு ஆளையோ விருந்தாளியையோ கடித்தால் இந்த வாக்கியம் தவறாமல் காதில் விழும். சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அது திடீரென்றுதான் நடந்திருக்கும். நாயின் கணக்கில் அது கடைசிக் கட்டம். அதற்குமுன் வாரக்கணக்கில், சில வீடுகளில் வருடக்கணக்கில், அது வேறு வழிகளில் சொல்லிப் பார்த்திருக்கும். அது என்ன சொன்னது, எதற்காகச் சொன்னது, கவனிக்காமல் விட்டால் ஏன் பல்லில் போய் முடிகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## ஆக்ரோஷம்: ஒரு சொல், பல செயல்கள்

உடம்பை விறைத்துக்கொள்வது, உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டுவது, உறுமுவது, காற்றில் கவ்வுவது, கடிப்பது எல்லாவற்றையும் ஆக்ரோஷம் என்ற ஒரே பெயரில் அழைக்கிறோம். அது ஒரு நோயின் பெயர் அல்ல. நாயின் பிறவிக்குணமும் அல்ல. ஒரு நோக்கத்தோடு செய்யப்படும் செயல். ஓடும் பூனையையோ சைக்கிளையோ துரத்தும் வேட்டை உந்துதலை ஒதுக்கிவிட்டால், ஏறக்குறைய எல்லா ஆக்ரோஷமும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்:

1. "என்னைவிட்டு விலகிப் போ." பயம், வலி, எரிச்சல் ஆகியவை இதில் சேரும்.
2. "இதன் பக்கம் வராதே." சாப்பாடு, குட்டி, படுக்கை, வாசல், சில சமயம் ஒரு மனிதர்கூட அந்த 'இது'வாக இருக்கலாம்.

ஆகவே "இந்த நாய் ஏன் இப்படிக் கெட்டுப்போனது?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "கடித்த நொடியில் அது எதை நிறுத்தப் பார்த்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். நகம் வெட்டுவதையா, மேலே குனிந்து கட்டிப்பிடிப்பதையா, தூக்கத்தில் தொட்டதையா? கடித்ததும் அது நின்றும் போயிருக்கும். நாய் படித்துக்கொண்ட பாடம் அதுதான்: கடித்தால் வேலை நடக்கிறது.

## பதினைந்து நொடிகளில் ஒரு கடி

ஒரு காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். தரையில் படுத்து ஒரு நாய் எலும்பைக் கடித்துக்கொண்டிருக்கிறது. மூன்று மீட்டர் தள்ளி இருந்த குழந்தை அதை நோக்கித் தவழ்கிறது. நாய் மெல்லுவதை அரை நொடி நிறுத்துகிறது; பிறகு முன்னைவிட வேகமாக மெல்லுகிறது. குழந்தை இரண்டு மீட்டருக்குள் வருகிறது. நாய் நாக்கை நீட்டி மூக்கை ஒருமுறை நக்கிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறது. கண் மட்டும் குழந்தைமேல் இருக்கிறது, ஓரத்தில் வெள்ளைவிழி பிறைபோலத் தெரிகிறது. இன்னும் ஒரு மீட்டர். தலை எலும்பின்மேல் கவிழ்கிறது, முன்கால் அதை அணைத்துக்கொள்கிறது, உடம்பு முழுக்க அசைவு நின்றுபோகிறது. சோபாவில் இருப்பவர்கள், "பாரேன், எவ்வளவு பொறுமையா இருக்கு!" என்கிறார்கள். குழந்தையின் கை நீள்கிறது. உறுமலும் கவ்வலும் ஒரே மூச்சில் முடிந்துவிடுகின்றன.

பொறுமை என்று அவர்கள் நினைத்த அந்த உறைநிலைதான் இதில் மிக ஆபத்தான நொடி. பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் கென்டல் ஷெப்பர்டு இந்த வரிசையை ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். சுருக்கமாக, கீழ்ப்படியிலிருந்து மேலே:

1. கொட்டாவி விடுதல், மூக்கை நக்குதல், கண் சிமிட்டுதல்
2. முகத்தைத் திருப்புதல், பிறகு உடம்பையே திருப்புதல்
3. எழுந்து நகர்தல்
4. காதை மடித்து, வாலைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக் குறுகுதல்
5. படுத்து வயிற்றைக் காட்டி ஒரு காலைத் தூக்குதல் (இது தடவச் சொல்லும் அழைப்பு அல்ல)
6. விறைத்து நின்று முறைத்தல்
7. உறுமுதல்
8. காற்றில் கவ்வுதல்
9. கடித்தல்

தூக்கம் வந்தாலும் நாய் கொட்டாவி விடும், சாப்பிட்டு முடித்தாலும் மூக்கை நக்கும். எந்தச் சூழலில் செய்கிறது என்பதைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வால் ஆடுவதை நட்பு என்று எடுத்துக்கொள்வதும் பெரிய பிழை. இடுப்போடு சேர்ந்து தளர்வாக ஆடும் வால் வேறு, முதுகுக்கு மேலே விறைத்து நின்று நுனி மட்டும் துடிக்கும் வால் வேறு. பின்னதற்குப் 'பதற்றமாக இருக்கிறேன்' என்றுதான் பொருள்.

இங்கே ஒரு தவறு வீடு வீடாக நடக்கிறது. நாய் உறுமினால் அதட்டுகிறோம், அல்லது ஒரு அடி வைக்கிறோம். உறுமல் நின்றுவிடும்; உறுமவைத்த காரணம் அப்படியே இருக்கும். ஏழாவது படிக்குப் போனால் அடி விழும் என்று தெரிந்துகொண்ட நாய், அடுத்தமுறை ஆறிலிருந்து ஒன்பதுக்குத் தாவும். "எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கிற நாய்" பல சமயம் இப்படித்தான் உருவாகிறது. உறுமும் நாயைவிட உறுமக் கூடாது என்று பழக்கப்பட்ட நாயிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

## முதலில் வலியைத் தேடுங்கள்

வளர்ந்த நாயின் நடத்தை சில வாரங்களில் மாறியிருந்தால், பயிற்சியாளரைத் தேடுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காதில் தொற்று, பல்வேர்ச் சீழ், மூட்டுத் தேய்மானம், இடுப்பு மூட்டுக் கோளாறு, முதுகெலும்பு வலி, தோல் அரிப்பு எல்லாம் நாயைச் சிடுசிடுக்க வைக்கும். நாய் வலியை மறைப்பதில் கெட்டிக்காரன். நொண்டாது, முனகாது; படியேறும்போது ஒரு கணம் தயங்கும், உட்காரும்போது ஒரு பக்கமாகச் சரியும், தலையில் கைவைத்தால் லேசாக விலகும். அவ்வளவுதான் தெரியும்.

காதுத் தொற்று நல்ல உதாரணம். தினமும் வீட்டார் காதைப் பிடித்துச் சொட்டு மருந்து விடுகிறார்கள், தினமும் வலிக்கிறது. பத்து நாளில் புண் ஆறிவிடும். ஆனால் 'தலைக்கு மேலே கை வந்தால் வலி' என்ற இணைப்பு மூளையில் தங்கிவிடும். இரண்டு மாதம் கழித்து ஒரு விருந்தாளி அன்பாகத் தலையைத் தடவ வரும்போது நாய் அந்தப் பழைய வலிக்குப் பதில் சொல்கிறது.

வயதான நாய்க்குப் பார்வையும் செவியும் மங்கும்போது யாராவது தொட்டால் திடுக்கிடும். தூங்கும் நாயைத் தொட்டு எழுப்பாமல், தள்ளி நின்று கூப்பிட்டோ தரையில் தட்டி அதிர்வு கொடுத்தோ எழுப்பினால் இந்த வகைக் கடி பெரும்பாலும் நின்றுவிடும். மூளைக்கட்டி, வலிப்பு, முதுமை மறதி ஆகியவையும் பட்டியலில் உண்டு, ஆனால் அரிது.

வெறிநோயைத் தனியாகச் சொல்ல வேண்டும். குரல் மாறுவது, எச்சில் ஒழுகுவது, தாடை தொங்குவது, விழுங்க முடியாமல் தவிப்பது, தள்ளாடுவது, கண்ணில் படும் கட்டையைக்கூடக் கடிப்பது ஆகியவை நடத்தை மாற்றத்தோடு சேர்ந்து வந்தால், தொடாமல் தனியே அடைத்துவிட்டு உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். தடுப்பூசி தவறாமல் போட்ட நாய்க்கு இது வர வாய்ப்பு மிகக் குறைவு.

## பயம்: மிகப் பெரிய காரணம்

கோபக்கார நாய் என்று நாம் நினைப்பவற்றில் பெரும்பகுதி பயந்த நாய்கள். பயம் மூன்று வழிகளில் வந்து சேர்கிறது.

முதல் வழி, குட்டிப் பருவத்தில் விட்டுப்போனது. பிறந்த 3ஆம் வாரத்திலிருந்து ஏறக்குறைய 14ஆம் வாரம்வரை நாய்க்குட்டியின் மூளை 'இவையெல்லாம் உலகத்தில் சகஜம்' என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்கிறது. அமெரிக்காவில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட முடிவுகள் இன்றும் இதற்கு அடித்தளம். 14 வாரம்வரை மனிதக் கை படாமல் வளர்க்கப்பட்ட குட்டிகள் பிறகு காட்டு விலங்குபோலவே மனிதரைக் கண்டு ஒதுங்கின. வீட்டுக்குள் நான்கு பேரை மட்டுமே பார்த்து வளர்ந்த குட்டிக்குக் குடை, தொப்பி, தாடி, ஊன்றுகோல், ஓடும் குழந்தை எல்லாம் பட்டியலில் இல்லாத பொருள்கள். எட்டு வாரம் முடியும்முன் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டிக்கு இன்னொரு குறையும் உண்டு. உடன்பிறந்த குட்டியை அழுத்திக் கடித்தால் அது வீறிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதைக் குட்டிகள் இப்படித்தான் அளந்து பழகுகின்றன. அந்தப் பாடம் அரைகுறையானால் வளர்ந்தபின் கடி ஆழமாக விழும்.

இரண்டாவது, கெட்ட அனுபவம். ஒரே ஒரு நிகழ்ச்சிகூடப் போதும்.

மூன்றாவது, வெற்றி. இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். பொருள் கொடுக்க வருபவர் வாசலில் நிற்கிறார், நாய் குரைக்கிறது, அவர் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் போனது வேலை முடிந்ததால். நாயின் கணக்கில், தான் குரைத்ததால். தினமும் இந்த வெற்றி கிடைத்தால் ஆறு மாதத்தில் குரைப்பு பாய்ச்சலாகும். ஆரம்பத்தில் நடுங்கிய நாய் இப்போது கம்பீரமாக முன்னால் வந்து நிற்கும். அதனால் பார்ப்பவருக்குப் பயம் தெரியாது, திமிர்தான் தெரியும்.

## என்னுடையது, கதவு, கயிறு

உடைமையைக் காப்பது நாய்க்கு இயல்பான குணம். அதைப் பிரச்சினையாக்குவது பெரும்பாலும் நம் கை. 'நான்தான் எஜமான் என்று தெரியட்டும்' என்று சாப்பிடும்போது தட்டில் கைவிட்டு அளைவது, தட்டை எடுத்துவிட்டுத் திரும்ப வைப்பது போன்ற பழக்கங்கள் நேர்மாறான பாடத்தையே கற்றுத்தருகின்றன: மனிதர் கிட்டே வந்தால் சாப்பாடு போய்விடும்.

கயிற்றில் கட்டியிருக்கும்போதோ கம்பிக்கதவுக்குப் பின்னாலோ மட்டும் வெறிகொண்டு கத்தும் நாய்கள் உண்டு. விலகவும் முடியாது, நெருங்கவும் முடியாது என்ற தவிப்பு அது. எதிரே வரும் நாயைக் கண்டதும் நாம் பதறிக் கயிற்றை இழுத்துப்பிடிக்கிறோம், கழுத்து இறுகுகிறது. 'அந்த நாய் வந்தால் கழுத்து வலிக்கும்' என்று அடுத்த இணைப்பு விழுகிறது. இந்த உச்சத்தில் இருக்கும் நாயைப் பக்கவாட்டில் தொட்டால் அது திரும்பித் தொட்டவரையே கவ்வும். இதைத் திசைமாறிய கடி என்பார்கள். சண்டையிடும் நாய்களைக் கையால் விலக்கப் போகிறவர்கள் கடிபடுவது இதனால்தான்.

மற்றவை சுருக்கமாக: குட்டி போட்ட தாய் குட்டிகளைக் காக்கும். கருத்தரிக்காத பெண் நாய்க்கும் பருவம் முடிந்து இரண்டு மாதம் அளவில் பொய்ச்சினை வந்து, பொம்மையைக் குட்டியாக நினைத்துக் காக்கலாம். ஆண் நாய்களுக்குள் நடக்கும் சண்டை தனி ரகம். கருத்தடை செய்வது ஊர்சுற்றலையும் ஆண்களுக்கு இடையிலான சண்டையையும் ஓரளவு குறைக்கும். பயத்தால் வரும் கடிக்கு அது மருந்தல்ல.

## நேற்று பொறுத்தது, இன்று ஏன் பொறுக்கவில்லை?

அதே குழந்தை, அதே நாய், அதே தடவல். நேற்று சும்மா இருந்தது, இன்று கடித்தது. மேலே சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றாக வருவதில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் சில நிமிடங்களில் அடங்கிவிடும். கார்ட்டிசால் என்ற இன்னொரு சுரப்பு இறங்கப் பல மணி நேரம் ஆகும். காலையில் மருத்துவரிடம் ஊசி, மதியம் பக்கத்துவீட்டில் துளைபோடும் சத்தம், மாலையில் விருந்தாளிகள், இடையில் தூங்க முடியவில்லை. தனித்தனியாக ஒவ்வொன்றையும் பொறுக்கும் நாய், நான்கும் ஒரே நாளில் சேர்ந்தபின் ஐந்தாவதாக வந்த தடவலில் வெடிக்கிறது. கடைசியாக நடந்ததை மட்டும் காரணம் என்று எழுதிக்கொள்வதால்தான் நமக்குக் கணக்கு இடிக்கிறது. வளர்ந்த நாய்க்கு ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. அது கிடைக்காத வீடுகளில் இந்த அடுக்கு சீக்கிரம் உயரும்.

## இனமும் 'தலைவன்' கதையும்

சில இனங்கள் பிறவியிலேயே கடிப்பவை என்ற பேச்சு ஒவ்வொரு செய்திக்குப் பிறகும் எழும். மரபுக்குப் பங்கு இல்லாமல் இல்லை. கூச்ச சுபாவமுள்ள தாயின் குட்டிகள் கூச்சமாக இருக்கும். ஆனால் இனத்தின் பெயரை வைத்து ஒரு தனி நாயின் குணத்தைச் சொல்லிவிட முடியாது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் விவரங்களோடு 2022இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வில், நாய்க்கு நாய் நடத்தையில் உள்ள வேறுபாட்டில் இனம் விளக்கியது சுமார் 9 சதவீதம். உடலும் தாடையும் பெரிதானால் விளைவு கொடூரமாகும், அது உண்மை. அது கடியின் சேதத்தைப் பற்றிய கணக்கு, கடிக்குமா என்பதற்கான கணக்கு அல்ல.

'நாய் வீட்டில் தலைவனாகப் பார்க்கிறது, அதை அடக்க வேண்டும்' என்ற கருத்துக்கு மூலம், ருடால்ஃப் ஷெங்கெல் அடைப்பில் வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து 1947இல் எழுதியவை. காட்டில் ஓநாய்க்கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம். அந்தத் 'தலைவன்' கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், 1999இல் அதைத் தானே திருத்தி எழுதினார். பயிற்சிக்களத்தில் மட்டும் பழைய கதை ஓயவில்லை.

அதன்படி நடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தைப் பிரச்சினைக்காகக் கொண்டுவரப்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டு 2009இல் வெளியிட்டார்கள். அடிக்கப்பட்ட அல்லது உதைக்கப்பட்ட நாய்களில் 43 சதவீதமும், வாயிலிருந்து பொருளை வலுக்கட்டாயமாகப் பிடுங்கப்பட்டவற்றில் 39 சதவீதமும், மல்லாக்கத் தள்ளி அழுத்தப்பட்டவற்றில் 31 சதவீதமும் ஆக்ரோஷமாகவே பதில் கொடுத்தன.

## என்ன செய்வது, எந்த வரிசையில்

1. இடைவெளி. முதல் நாளிலிருந்தே கடிக்க வாய்ப்பு இல்லாதபடி வீட்டை மாற்ற வேண்டும். குழந்தைக்கும் நாய்க்கும் நடுவே தடுப்புக் கதவு, விருந்தாளி வரும்போது மூடிய அறை, சாப்பாடு தனி மூலையில். தினமும் ஒத்திகை நடந்துகொண்டிருந்தால் எந்தப் பயிற்சியும் பலிக்காது.
2. குறிப்பேடு. ஒவ்வொரு உறுமலுக்கும் ஐந்து விவரங்கள்: யார், எங்கே, எவ்வளவு தூரத்தில், அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தில் என்ன நடந்தது, பிறகு என்ன கிடைத்தது. இரண்டு வாரத்தில் ஒரு வடிவம் தெரியும்.
3. மருத்துவப் பரிசோதனை. காது, பல், மூட்டு, முதுகு, தைராய்டு. குறிப்பேட்டையும் கைபேசி வீடியோவையும் கொண்டுபோனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.
4. தூரத்தில் தொடங்கும் பயிற்சி. தான் பயப்படும் ஆளைக் கண்டு நாய் 15 மீட்டரில் குரைக்கிறது என்றால் 25 மீட்டரில் தொடங்குங்கள். ஆள் கண்ணில் பட்டதும் ஒன்றிரண்டு நொடியில் பட்டாணி அளவு இறைச்சித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். ஆள் மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதும். ஆளைப் பார்த்தவுடனே 'எங்கே துண்டு?' என்று நாய் உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கினால் ஒரு மீட்டர் நெருங்கலாம்.
5. உடைமைக்கு. நாய் மெல்லுவதை நிறுத்தாத தூரத்தில், உதாரணத்துக்கு இரண்டு மீட்டரில், கடந்துபோகும்போது அதன் தட்டில் இருப்பதைவிட ருசியான ஒன்றைத் தட்டருகே எறிந்துவிட்டு நடையைக் கட்டுங்கள். எதையும் எடுக்க வேண்டாம். பல நாள் இது பழகியபின் அரையடி அரையடியாக நெருங்கலாம்.

நான்காவதில்தான் பலரும் சறுக்குவார்கள். ஆள் வருவதற்கு முன்னாலேயே துண்டைக் காட்டினால் வரிசை தலைகீழாகி, துண்டே 'ஆபத்து வருகிறது' என்ற அறிவிப்பாகிவிடும். நாய் துண்டை வாங்க மறுத்தாலோ விரலோடு பிடுங்கினாலோ, மிக அருகில் இருக்கிறீர்கள் என்று பொருள். புதியவர் கையாலேயே கொடுக்கச் சொல்வதும் தப்பு: பயந்த நாய் ஆசையில் கிட்டே போகும், துண்டு தீர்ந்ததும் நிமிர்ந்து பார்த்தால், தான் பயப்படும் ஆளின் மூக்குக்கு நேரே நிற்கும். கடி விழுவது அந்த நொடியில். அவர் கொடுக்க விரும்பினால் நாயின் பின்பக்கம் எறியட்டும். வாங்குவதற்காக அது விலகிப் போகும், விலகுவதே அதற்கு ஆறுதல்.

கடிக்காமலிருக்க நாயின் வாயில் மாட்டும் வாய்க்கூட்டைத் தண்டனையாகப் பார்க்க வேண்டாம். வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூடை வகையாக இருக்க வேண்டும். நாய்க்கு உடல் சூடு தணிவது மூச்சிரைப்பில்தான். வாயை இறுக்கும் துணி வகை சில நிமிடச் சிகிச்சைக்கு மட்டும். உள்ளே உணவைத் தடவி நாயே மூக்கை நுழைக்கும்படி சில நாள் விட்டுவிட்டு, பிறகுதான் வாரைப் பூட்ட வேண்டும்.

பதற்றம் எப்போதும் உச்சத்திலேயே இருக்கும் நாய்க்கு மருத்துவர் ஃபுளுவாக்ஸெடின் போன்ற, பதற்றத்தைக் குறைக்கும் மருந்து தரலாம். பலன் தெரிய 4 முதல் 8 வாரம் ஆகும். பத்து நாளில் மாற்றமில்லை என்று நாமாக நிறுத்துவது வழக்கமான தவறு.

## கடித்துவிட்டால்

காயத்தை உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கிருமிநாசினி தவிர வேறு எதையும் பூச வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தடுப்பூசி எத்தனை, காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புப்புரத ஊசி தேவையா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். நாயை 10 நாள் அடைத்துவைத்துக் கவனிப்பது அவசியம். கடித்தபோதே எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருந்தால் அந்த நாள்களுக்குள் நாயிடம் அறிகுறி தெரிந்துவிடும். அந்த 10 நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. மனிதரிடம் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக நடக்காது.

இந்த நாயை இனி வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்குக் கால்நடை மருத்துவர் இயன் டன்பார் வகுத்த ஆறு நிலை அளவுகோல் உதவும். பல் படாமல் கவ்வியது 1. பல் பட்டும் துளை விழாதது 2. ஒரே கடியில் 1 முதல் 4 துளை, கோரைப்பல் நீளத்தில் பாதிக்கு மேல் இறங்காதது 3. அதைவிட ஆழமாக இறங்கியதோ கவ்விக்கொண்டு உதறியதோ 4. அத்தகைய கடிகள் பல விழுந்தது 5. உயிர் போனது 6. முதல் இரண்டு நிலையில் நாய் தன் தாடையை அடக்கிக்கொள்ளத் தெரிந்ததாக இருக்கிறது, மாற்றத்துக்கு நல்ல வாய்ப்பு உண்டு. மூன்றில் அனுபவமுள்ள நடத்தை நிபுணர் இல்லாமல் இறங்கக் கூடாது. நான்கிலிருந்து, சிறு குழந்தை இருக்கும் வீட்டில் அந்த நாயை வைத்திருப்பது எவ்வளவு பாசமிருந்தாலும் சரியான முடிவல்ல. 'தோட்டம் உள்ள நல்ல வீட்டுக்கு' கொடுத்துவிடுகிறோம் என்று கடித்த விவரத்தைச் சொல்லாமல் தள்ளிவிடுவது, அடுத்த கடியை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பிவைப்பது.